வீட்டில் கட்டிய விமானமும் அதன் மின்சார ஸ்விட்ச்சுகளும்

கடமலைக்குண்டிலிருந்து மயிலாடும்பாறைக்குச் செல்லும் பாதையில், மூல வைகையை அடுத்த தோட்டங்களில் தென்னையும் இலவமும் செழித்து நிற்பதற்குக் காரணமாயிருப்பவை கிணறுகளும், அவற்றின் அருகே சிற்றறைகளில் அடங்கிக் கிடக்கும் மின்சார மோட்டார்களுமேயாம். அவ்வறையின் சுவரில் ஒரு மெயின் ஸ்விட்ச்சும், மூன்று ப்யூஸ் கட்டைகளும், பச்சையும் சிவப்புமாக இரு பொத்தான்களையுடைய ஸ்டார்ட்டர்ப் பெட்டியும் இருத்தலை அப்பகுதியினின்றும் வரும் மாணவர் ஒவ்வொருவரும் அறிவர். அவற்றை அறியாதார் அங்கே ஒருவரும் இலர். ஆயினும் அவை எவ்வாறு கெடுகின்றன, கெட்டால் எத்திசையில் கெடுகின்றன என்று வினவுவோர் மிகச் சிலரே. கெட்டால் வயர்மேனை அழைத்துவர ஆள் அனுப்புகின்றனர், அவர் வருமட்டும் நீர் பாயாதிருக்கும், அவ்வளவே நஷ்டம்.

இவ்வினாக்களைத் தம் உயிரைக் கருதி வினவுவோர் ஒரு சாரார் உளர். அவர் தம் வீட்டுக் கொட்டகையில் ஓய்வு நேரங்களிற் சிறுகச் சிறுக ஓர் ஆகாய விமானத்தைத் தம் கையாலேயே கட்டி, அதில் தாமே ஏறிப் பறப்போர். ஆறாயிரம் அடி உயரத்தில் வயர்மேன் இல்லை. ஆகவே, ஒரு சிறு ஸ்விட்ச்சைப் பற்றி அவர்கள் செய்துள்ள ஆராய்ச்சி, தரையிலுள்ள நமக்கும் பெரிதும் பயன்படத் தக்கதாயிருக்கின்றது. அதனை நம் தோட்டத்து மோட்டார் அறையை உதாரணமாகக் கொண்டே ஈண்டு விளக்க முயல்வோம்.

இங்ஙனம் விமானம் கட்டுதல் மேனாட்டாருக்கே உரிய பொழுதுபோக்கென்று எண்ணற்க. 1910-ஆம் ஆண்டிலேயே, சென்னையில் ஹோட்டல் நடத்தி வந்த கியாகோமோ டி'ஏஞ்செலிஸ் என்பார், தாம் வகுத்த திட்டப்படி சிம்ஸன் கம்பெனியாரைக் கொண்டு ஒரு விமானம் கட்டுவித்துப் பறந்து காட்டினார். நம் காலத்தில் அமோல் யாதவ் என்னும் விமானியார் மும்பையில் அடுக்கு வீட்டின் மேல்தளத்தில் ஆறு பேர் அமரத்தக்க விமானமொன்றைக் கட்டி, 2016-ஆம் ஆண்டில் அதனைக் காட்சிக்கு வைத்து, நெடுநாள் முயன்று 2017-ஆம் ஆண்டு நவம்பரில் அரசாங்கப் பதிவும் பெற்றார். அமெரிக்காவிலோ இதற்கென 1953-ஆம் ஆண்டு முதல் ஒரு சங்கமே இருந்து வருகின்றது. அங்குள்ள வான்ஸ் என்னும் கம்பெனியார் துண்டு துண்டாக விற்கும் பாகங்களை வாங்கிப் பலர் பல நாடுகளிலும் பூட்டிப் பறக்கவிட்ட விமானங்கள் மட்டும் பதினோராயிரத்துக்கு மேற்பட்டன.

தொழிற்சாலையில் ஆகும் விமானத்திற் பொருத்தும் ஒவ்வொரு ஸ்விட்ச்சும் சோதனைக்குட்பட்டு அங்கீகாரம் பெற்றதாயிருத்தல் வேண்டும். வீட்டில் கட்டுவோர்க்கு இக்கட்டுப்பாடு பெரும்பாலும் இல்லை. மோட்டார் வண்டி உதிரிப் பாகக் கடையிலோ, ரேடியோக் கடையிலோ கண்ணுக்குப் பிடித்ததை வாங்கிப் பொருத்தலாம். இச்சுதந்தரமே இவர்க்குள்ள பேறும் இடரும் ஆம். என்னை? கடைக்காரர் தரும் ஸ்விட்ச்சின் முதுகில் பொறித்துள்ள எண் மெய்யே; ஆயினும் அது எந்த வேலைக்குச் சொன்ன எண் என்பதை வாங்குவோரே அறிந்துகொள்ள வேண்டும்.

ஸ்விட்ச்சு என்பது யாது? இரண்டு உலோகத் துண்டுகளைச் சேர்ப்பதும் பிரிப்பதுமே அதன் தொழில். எளிய தொழில்தான். எனினும் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கையில் அவற்றைப் பிரிக்கும்பொழுது, இடைவெளியில் ஒரு சிறு தீச்சுடர் எழுகின்றது. அச்சுடர் அணையும் வரையில் மின்சாரம் நின்றதாகாது. நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் முன்னும் பின்னுமாக வினாடிக்கு 50 முறை அலைவதாகலின், வினாடிக்கு 100 முறை அதன் ஓட்டம் சூனியமாகின்றது. சுடர் தானே அணைவதற்கு அத்தனை சந்தர்ப்பங்கள் கிடைக்கின்றன. விமானத்திலோ பாட்டரியின் மின்சாரம் ஒரே திசையில் இடைவிடாது ஓடுவது. அங்கே சுடர் தானாக அணைதற்குரிய சூனியம் வருவதேயில்லை. துண்டுகள் போதிய தூரம் விலகினாலன்றி அது எரிந்துகொண்டேயிருக்கும். ஆதலின் 240 வோல்ட்டில் 6 ஆம்பியர் தாங்குமென்று பொறித்த வீட்டு ஸ்விட்ச்சை, 'விமானத்தில் 14 வோல்ட்டுதானே' என்று எளிதாகக் கருதிப் பொருத்துதல் பிழையாம். வோல்ட்டுக் குறைவினால் ஓரளவு நன்மை உண்டு; ஆயினும் நேர் மின்சாரத்துக்கென்று தனியே குறித்த எண் இருந்தாலன்றி அதனை நம்பலாகாது.

பிரிக்கும்பொழுது மட்டுமன்றிச் சேர்க்கும்பொழுதும் தொல்லை உண்டு. தோட்டத்து மோட்டாரைப் பச்சைப் பொத்தானை அழுத்தி ஓட்டும் கணத்தில் அது உறுமுவதையும், அறையிலுள்ள விளக்கு மங்குவதையும் கண்டிருப்போம். ஓடும்பொழுது 7 அல்லது 8 ஆம்பியர் இழுக்கும் 5 குதிரைச் சக்தி மோட்டார், கிளம்பும்பொழுது அதைப்போல் ஐந்தாறு மடங்கு இழுப்பதே இதற்குக் காரணம். விமானம் இறங்கும்பொழுது ஏற்றும் முன்விளக்கும், இழைவிளக்காயின், இத்தகையதே. குளிர்ந்த இழைக்குத் தடை மிகக் குறைவு. 100 வாட் விளக்கு எரியும்பொழுது 7 ஆம்பியரே இழுப்பினும், ஏற்றிய முதற்கணத்தில் அதனினும் பத்து மடங்கு பாயும். அக்கணத்தில் உலோகத் துண்டுகள் ஒன்றின்மேலொன்று மோதித் துள்ளுகின்றன. துள்ளுமிடத்தில் உருகிச் சில வேளைகளில் ஒட்டிக்கொள்ளுகின்றன. ஒட்டிக்கொண்ட ஸ்விட்ச்சின் பிடி மேலும் கீழும் அசையும். விளக்கு மட்டும் அணையாது. இக்காலத்து எல்.இ.டி. விளக்குகளில் இத்தொல்லை பெரிதும் குறைந்துவிட்டது.

கம்பிச் சுருளையுடைய கருவிகளோ இதற்கு நேர்மாறானவை. அவை அணைக்கும்பொழுதே பகைக்கின்றன. சுருளில் அடங்கியிருந்த சக்தி வெளிப்பட வழியின்றி ஸ்விட்ச்சின் இடைவெளியில் பாய்கின்றது. சுருளுக்குக் குறுக்கே டையோடு என்னும் ஒருவழிக் கதவைப் பொருத்தினால் இது தீரும். சில காசு பெறும் அச்சிறு பொருள், பாட்டரியின் பெருஸ்விட்ச்சை அணைக்கும் பிடிக்கு ஆயுளைப் பன்மடங்கு நீட்டிக்கக் கண்டிருக்கின்றனர்.

அளவுக்கு மிஞ்சினாலே ஸ்விட்ச்சு கெடும் என்று எண்ணுவோர்க்கு ஒரு வியப்பு உண்டு. அளவுக்குக் குறைந்தாலும் அது கெடும். பெரிய மின்னோட்டத்துக்கென வெள்ளி முலாமிட்ட துண்டுகளின்மேல் நாளடைவில் மெல்லிய கறை படர்கின்றது. பல ஆம்பியர் ஓடுமிடத்தில் பிரியும்பொழுது எழும் சுடர் அக்கறையை எரித்து நீக்கிவிடும். ஓர் ஆம்பியரில் ஆயிரத்திலொரு பங்கு மட்டும் ஓடுமிடத்தில் கறையை நீக்குவார் இல்லை. ஆகவே, நுட்பமான கருவிகளுக்குப் பொன் முலாமிட்ட ஸ்விட்ச்சும், விளக்குக்கும் பம்புக்கும் வெள்ளி முலாமிட்டதும் என இருவகை உள. ஆறு மாதத்துக்கொருமுறை தொடப்படும் ஸ்விட்ச்சே நாள்தோறும் தொடப்படுவதைக் காட்டிலும் ஐயத்துக்குரியது என்பதற்கும் இதுவே காரணம்.

இனி, நாம் கூறியவற்றுள் மிகவும் கொடியதும் மிகவும் சாதாரணமானதுமாகிய ஒன்று உண்டு. அஃது இணைப்புத் தளர்தல். சிறு ஸ்விட்ச்சுகளின் பின்புறத்திலுள்ள பித்தளை நாக்கு, பிளாஸ்டிக்குப் பெட்டியில் ஆணியாற் பிணிக்கப்பட்டிருக்கின்றது. எஞ்சினின் அதிர்வும், வெயிலும் குளிரும் மாறி மாறித் தாக்குதலும், தாங்கலின்றித் தொங்கும் கம்பியின் பாரமும் சேர்ந்து அப்பிணிப்பைத் தளர்த்துகின்றன. தளர்ந்த இணைப்பின் தடை ஓர் ஓமில் பத்திலொரு பங்கே என்று வைத்துக்கொள்வோம். 10 ஆம்பியர் ஓடினால், அவ்விடத்தில் 10 வாட் உஷ்ணம் பிறக்கும். கட்டைவிரலளவுள்ள பெட்டியின் வயிற்றில் 10 வாட்! பிளாஸ்டிக்கு இளகும், இளகவே பிணிப்பு மேலும் தளரும், தளரவே உஷ்ணம் மேலும் மிகும். மோட்டார் அறையிலும் ப்யூஸ் கட்டையின் ஒரு முனை மட்டும் கருகி நாறுவதைக் கண்டோர் இந்நிகழ்ச்சியையே கண்டனர். இதிற் கவனிக்கத்தக்கது யாதெனின், கம்பியில் ஓடும் மின்னோட்டம் சிறிதும் மிகவில்லை. ஆதலின் ப்யூஸும் எரியாது; ஸர்க்யூட் பிரேக்கரும் விழாது. காவலன் விழித்திருக்கையிலேயே வீடு தீப்பற்றுகின்றது.

அக்காவலனைப் பற்றிச் சிறிது கூறுவோம். ஸர்க்யூட் பிரேக்கர் என்பது மிகையான மின்னோட்டம் பாயும்பொழுது சுற்றைத் தானே முறித்துக்கொள்ளும் ஸ்விட்ச்சாம். விமானங்களிற் பெரும்பாலும் காணப்படுவதனுள் இருவகை உலோகத்தை ஒட்டிய தகடொன்று உண்டு. மின்னோட்டம் மிகுந்து தகடு சூடேறின், ஒருபுறம் அதிகமாயும் மறுபுறம் குறைவாயும் நீண்டு வளைந்து, கொக்கியை விடுவிக்கின்றது. பொத்தான் வெளியே துள்ளுகின்றது. சூடேறுதற்கு நேரம் வேண்டுமாகலின், மிகை சிறிதாயின் தாமதமும், பெரிதாயின் விரைவும் உண்டாகும். நம் ஸ்டார்ட்டர்ப் பெட்டியிலுள்ள ரிலேயும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

இது காப்பது எதனை? பலர், ரேடியோவையோ மோட்டாரையோ என்று விடை கூறுவர். ஸ்டார்ட்டர் ரிலே மோட்டாரைக் காப்பது மெய்யே. விமானத்திலுள்ள பிரேக்கரும் ப்யூஸுமோ முதன்மையாகக் கம்பியைக் காக்கவே வைக்கப்படுகின்றன. கருவி பழுதான பின்னரே மின்னோட்டம் மிகுகின்றது. அப்பொழுது காப்பாற்றுதற்கு அதில் ஒன்றும் இல்லை. அதற்குச் செல்லும் கம்பி பழுக்கக் காய்ந்து, தன்னுடன் கட்டிய ஏனைக் கம்பிகளையும் எரிக்காமற் காப்பதே அதன் கடமை. 12 வோல்ட்டு பாட்டரி நம்மைத் தீண்டி அதிர்ச்சி தாராது. ஆயினும் நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒருங்கே கக்க வல்லது. நம் பக்கத்துத் தோட்டங்களில் ப்யூஸ் அடிக்கடி போகின்றதென்று தடித்த செம்புக்கம்பியை இரண்டு மூன்று இழையாக முறுக்கிக் கட்டிவிடும் வழக்கம் உண்டு. அதன்பின் ப்யூஸ் போவதில்லை. மோட்டார்ச் சுருளே ப்யூஸாகிப் போகின்றது. இரண்டு ரூபாய்க் கம்பியை மிச்சம் பிடித்துப் பல்லாயிரம் ரூபாய்ச் சுருளைத் தீயிலிட்ட கணக்கு இது.

இதனினும் கொடிய வழக்கம், விழுந்ததை ஏன் விழுந்ததென்று பாராமல் மீண்டும் அழுத்துதல். ரிலே முறித்தபின் பச்சைப் பொத்தானை மூன்று நான்கு முறை குத்துவாரை எங்கும் காணலாம். விமானத்தில் இதன் பயன் யாதென்பதற்கு 2007-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் தேதி அமெரிக்காவில் ப்ளாரிடா மாகாணத்து ஸான்போர்டு என்னும் ஊரில் நிகழ்ந்தது சான்றாகும். செஸ்னா 310 என்னும் இரட்டை எஞ்சின் விமானமொன்றில், முந்தின நாள் பறந்த விமானி மின்சாரம் கருகும் நாற்றத்தை உணர்ந்தார், வானிலை ராடார்க் கருவியின் பிரேக்கரை இழுத்துவிட்டார், நாற்றம் நின்றது. தரையிறங்கி அதனைக் குறிப்பேட்டிலும் எழுதிவைத்தார். மறுநாள் பழுது பாராமலே விமானம் வேறு இருவருடன் கிளம்பியது. இழுத்திருந்த பிரேக்கர் மீண்டும் அழுத்தப்பட்டிருக்கவேண்டுமென்பது விசாரணையிற் கண்டது. சில நிமிஷங்களுக்குள் விமானத்தினுள் புகை மூண்டது. அது குடியிருப்பு வீடுகளின்மேல் விழ, விமானத்திலிருந்த இருவரும், தரையில் வீட்டிலிருந்த மூவரும் மாண்டனர். அம்மூவருக்கும் விமானத்துக்கும் யாதொரு சம்பந்தமுமில்லை என்பதை வாசிப்போர் நினைவில் இருத்துக. பிரேக்கர் தன் கடமையைச் செவ்வனே செய்ய வல்லதாயிருந்தது. அதன் சொல்லைக் கேட்பாரில்லை. அதன்பின், பறக்கையில் விழுந்த பிரேக்கரை, பத்திரமாகப் பறத்தற்கு அக்கருவி இன்றியமையாததாயிருந்தாலன்றி மீண்டும் அழுத்தற்க, அழுத்தினும் ஒருமுறைக்கு மேல் அழுத்தற்க என்று அமெரிக்க விமான நிர்வாகத்தார் வற்புறுத்தினர்.

பிரேக்கரின் கண்ணுக்குத் தப்புவனவும் உள. 1998-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் தேதி, நியூயார்க்கிலிருந்து ஜினீவாவுக்குச் சென்ற ஸ்விஸ்ஏர் 111-ஆம் விமானம் கனடாவின் கரையோரக் கடலில் வீழ்ந்து, 229 பேரும் மாண்டனர். கம்பியின் மேலுறை பழுதுபட்ட இடத்தில் விட்டுவிட்டுத் தெறித்த சுடர், அருகிலிருந்த எளிதில் தீப்பற்றும் போர்வையைப் பற்றியதென்று பல ஆண்டு விசாரணைக்குப்பின் முடிவு செய்தனர். அத்தகைய சுடரின் சராசரி மின்னோட்டம் குறைவாகலின், சூட்டினால் இயங்கும் பிரேக்கர் அதனை அறியவில்லை. ஆகவே, நல்ல பிரேக்கர் ஒன்றை வாங்கிப் பொருத்திவிட்டு, கம்பியைக் கூரிய தகட்டு விளிம்பின்மேல் ஓடவிடுவார் ஏதும் காத்தவராகார்.

ஸ்விட்ச்சையும் பிரேக்கரையும் ஒரே பெட்டியில் அடக்கிய கருவியும் கிடைக்கின்றது. இடமும் பாரமும் மிச்சமாதலால் பலர் அதனை விரும்புவர். நாம் அதனை விரும்புவதில்லை. நாள்தோறும் ஏற்றி இறக்கித் தேயும் ஒன்றையும், ஆண்டுக்கணக்கில் அசையாது காத்திருக்க வேண்டிய ஒன்றையும் ஒரே உடலிற் பிணித்தல் எங்ஙனம் பொருந்தும்? தொழிற்சாலையிற் கட்டிய பீச்கிராப்ட் விமானங்கள் சிலவற்றில் இத்தகைய கருவிகள் உட்புறம் சூடேறிப் புகைந்தமையால் அவற்றை மாற்றும்படி 2008-ஆம் ஆண்டில் உத்தரவு பிறந்தது. அங்கீகார முத்திரை பெற்றதும் கெடும் என்பதற்கும் இஃது உதாரணம்.

நிற்க. ஸ்விட்ச்சு கெட்டால் சுற்று நின்றுவிடும் என்றே இதுகாறும் பெரும்பாலும் பேசினோம். நேர்மாறாகக் கெடுவது ஒன்று உண்டு. அதனை அறியாதார் கையையும் தலையையும் இழந்திருக்கின்றனர். பழைய முறை எஞ்சினில் பெட்ரோலைக் கொளுத்தும் பொறியை மாக்னெட்டோ என்னும் கருவி உண்டாக்குகின்றது. அதற்கு பாட்டரி வேண்டுவதில்லை. எஞ்சின் சுழன்றால் அதுவே பொறியைப் பிறப்பிக்கும். ஆதலின் அதன் ஸ்விட்ச்சு, மூடினால் அணைப்பதும் திறந்தால் ஏற்றுவதுமாக அமைந்திருக்கின்றது. 'ஆப்' என்னும் நிலையில் மாக்னெட்டோவின் கம்பி எஞ்சினின் உடலோடு சேர்க்கப்பட்டு, பொறி அடக்கப்படுகின்றது. இவ்வமைப்பு ஆகாயத்துக்கு மிகப் பொருத்தமானது: கம்பி அறுந்தாலும் எஞ்சின் ஓடிக்கொண்டேயிருக்கும். தரையிலோ அதுவே எமன். கம்பி அறுந்திருக்கையில் ஸ்விட்ச்சு 'ஆப்' என்று காட்டும், மாக்னெட்டோ உயிரோடிருக்கும். துடைப்பதற்கோ தள்ளுவதற்கோ ஒருவர் விசிறியைக் கையாற் சிறிது திருப்பினும், எஞ்சின் ஒருமுறை வெடித்து விசிறியைச் சுழற்றிவிடக்கூடும். எஞ்சினை நிறுத்துமுன் மெதுவாக ஓடுகையில் ஸ்விட்ச்சை ஒரு கணம் 'ஆப்' செய்து, எஞ்சின் தடுமாறுகின்றதா என்று காதாற் கேட்பது விமானிகளின் வழக்கம். தடுமாறினால் கம்பி நன்றாயிருக்கின்றது என்பது பொருள்.

ஆகவே, ஒரு ஸ்விட்ச்சை நம்பலாமா என்பது அரை வினாவே. கெட்டால் திறந்தபடி கெடுமா, மூடியபடி கெடுமா, அப்பொழுது எது நிற்கும், எது நில்லாது என்பனவே முழு வினா. ஆகாயத்துக்கு நன்மையாவது தரைக்குத் தீமையாகலாம்.

மாக்னெட்டோவை நீக்கி, பொறியையும் பெட்ரோல் பீய்ச்சுதலையும் கணிதக் கருவியிடம் ஒப்படைத்த எஞ்சின்கள் இன்று பெருகி வருகின்றன. எரிபொருள் மிச்சமாகின்றது. ஆயினும் மின்சாரம் நின்றால் எஞ்சினும் நிற்கும். 2012-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆஸ்திரியா நாட்டு ரோட்டாக்ஸ் 912 ஐ.எஸ். எஞ்சினில், இதனை முன்னிட்டே எஞ்சினுடனேயே இரண்டு மின் உற்பத்திக் கருவிகளும், கணிதக் கருவியில் இரண்டு தனித்த வழிகளும் வைத்துள்ளனர். வீட்டிற் கட்டுவோர் சிலர் இவ்விரு வழிகளையும் அழகுக்காக ஒரே ஸ்விட்ச்சின் வழியாகவோ, ஒரே ப்யூஸின் வழியாகவோ கொண்டுசெல்ல முற்படுவர். இரண்டு கிணறு வெட்டி ஒரே கயிற்றில் இறைப்பதற்கு இது நிகராம்.

ப்யூஸ் நல்லதா, பிரேக்கர் நல்லதா என்று விமானம் கட்டுவோர்க்குள் நெடுங்காலமாக வழக்கு நடக்கின்றது. இத்துறையில் நூல் எழுதிய ராபர்ட் நக்கால்ஸ் என்னும் அமெரிக்கர் ப்யூஸின் பக்கம் நின்றார். ப்யூஸ் மலிவானது, விரைவில் எரியும், அசையும் உறுப்பு அதில் இல்லை. பறக்கையில் அதனை மாற்ற இயலாதே என்பர் எதிர்க்கட்சியார். மாற்ற இயலாமையையே நாம் ஒரு நன்மையாகக் கொள்கின்றோம். விழுந்த பொத்தான் விரலுக்கெட்டும் தூரத்தில் இருப்பின் அதனைக் குத்தாதிருக்கும் மனவலிமை எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. எரிந்த ப்யூஸ் எட்டாத இடத்தில் இருப்பின், விமானி அதனை மறந்து விமானத்தை ஓட்டுவார். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: அக்கருவி இல்லாமலே இறங்குதற்கு அவர் முன்னரே வழி செய்திருத்தல் வேண்டும்.

அவ்வழி செய்யப்பட்டுள்ளதா என்பதைத் தரையிலேயே அறிந்துகொள்ளும் முறை ஒன்று உண்டு. விமானத்தைக் கயிற்றாற் பிணித்து, சக்கரங்களுக்கு அணை கொடுத்து, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, விசிறிக்கு அப்பால் உள்ளேயே அமர்ந்தவாறு, ப்யூஸ்களை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கிப் பார்த்து மீண்டும் செருகவேண்டும். ஒரு தாளில் மூன்று பத்தி வகுத்து, பிடுங்கியது எது, அதனால் நின்றது எது, அவ்வேலையைச் செய்ய எஞ்சியிருப்பது எது என எழுதிக்கொண்டே வரவேண்டும். ரேடியோ நின்றதெனில் மூன்றாம் பத்தியில் கைரேடியோ என்று எழுதலாம். முன்விளக்கு நின்றதெனில் பகலிலே இறங்குதல் என்று எழுதலாம். எரிபொருள் பம்பு நின்றதெனில் இரண்டாவது பம்பு என்று எழுதுதல் வேண்டும். எந்த வரியில் மூன்றாம் பத்தி வெறுமையாய் நிற்கின்றதோ, அந்தக் கம்பியைக் கழற்றி மறுபடி ஓட்டும் வரையில் விமானம் கொட்டகையிலேயே இருக்கும்.